தெர்மாமீட்டர் உடைந்தால் என்ன?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

என் பழைய மாணவர் ஒருவர் அமெரிக்காவில் டென்வர் நகரில் இருக்கிறார். வீட்டிலேயே பீர் தயாரிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. 1978-ல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு அங்கே அது குற்றமில்லை. போன வாரம் போன் செய்தார். "சார், மால்ட் எல்லாம் அரைச்சு வச்சுட்டேன். தெர்மாமீட்டர் உடைஞ்சு போச்சு. என்ன பண்றது?" ஒரு சொட்டும் தொடாத வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது! ஆனாலும் ஒரு கணக்கு போட்டுக் கொடுத்தேன்.

தானியத்தில் இருப்பது மாவுச்சத்து. அது சர்க்கரையானால்தான் புளிக்கும். முளைவிட்ட தானியத்தில் உள்ள நொதிகள் அந்த வேலையைச் செய்யும். சுமார் 65 டிகிரிச் சூட்டில் நன்றாகச் செய்யும், 80-ஐத் தாண்டினால் செத்துவிடும். டென்வர் சுமார் 1600 மீட்டர் உயரம், நம் ஏற்காடு சுமார் 1500. இரண்டு ஊரிலும் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். (இங்கே அரிசி வேக நேரமாவது அதனால்தான் என்று வகுப்பில் சொன்னது நினைவிருக்கிறதா?) கொதிநீர் இரண்டு பங்கு, 20 டிகிரி பச்சைத் தண்ணீர் ஒரு பங்கு. 95 + 95 + 20 = 210. மூன்றால் வகுத்தால் 70. மாவில் ஊற்றியதும் இன்னும் சில டிகிரி இறங்கும். தெர்மாமீட்டர் எதற்கு? மாவுச்சத்து மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, கொஞ்சம் தனியே எடுத்து ஒரு சொட்டு அயோடின் விட்டால் போதும். நீலமானால் இன்னும் வேலை பாக்கி.

இங்கிலாந்தில் தெர்மாமீட்டர் வருவதற்கு முன், ஆவி அடங்கி நீரில் தன் முகம் தெரியும் வரை காத்திருந்து தானியத்தைச் சேர்த்தார்களாம். நம்மவர்கள் என்ன செய்தார்கள்? அதற்குப் பத்துப்பாட்டுக்குப் போக வேண்டும்.

பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பைச் சொல்லும் இடத்தில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு செய்முறையையே தந்துவிடுகிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாய் அகன்ற தட்டில் கொட்டி ஆற்றுகிறார்கள். ஆறிய பிறகுதான் இடித்த முளையைக் கலக்கிறார்கள். இரண்டு பகல், இரண்டு இரவு கழிந்தபின் சாடியில் முதிரவிட்டு, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். கள் என்றாலே பனையும் தென்னையும்தான் என்று நினைக்கிறோம். இது முளை சேர்த்த தானிய மது, அதாவது பீரின் நெருங்கிய உறவு.

"ஆற்றி" என்ற சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். கொதிக்கும் களியில் முளையைப் போட்டிருந்தால் எல்லாம் பாழ். நொதி என்ற பெயர் தெரியாது, டிகிரி தெரியாது. ஆனால் எதற்குப் பின் எது என்பது தெரிந்திருக்கிறது. அகன்ற தட்டுதான் குளிரூட்டும் கருவி, நாட்கணக்குதான் கடிகாரம், விரல்தான் வடிகட்டி.

நமக்கு வடகிழக்கே செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம், மலைவாசிகள் மூங்கில் குழாயில் முதிரவிட்ட தேன் மதுவைச் சொல்கிறது. குயவர் சாடி எட்டாத உயரத்தில் மூங்கிலே சாடி!

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி தம் சொந்த மாவட்டமான சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். மாகாணத்தில் இதுதான் முதல். குடியால் சீரழிந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் நான், அந்த நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுத் திண்ணையில் செய்த வேலை மறைவுக்குப் போனால் கைவேலையின் குறியும் மாறிவிடுகிறது. மண்ணில் புதைத்த ஊறல் பானை, மண்ணெண்ணெய் டின், சைக்கிள் டியூப் எல்லாமே இல்லாத கருவிக்கு மாற்றுதான். ஆனால் பக்குவம் பார்க்க அல்ல, கண்ணில் படாமல் இருக்க, சீக்கிரம் முடிக்க.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது பானையோ டியூபோ அல்ல, மெத்தனால். அது தொழிற்சாலைப் பொருள், வேண்டுமென்றே கலக்கப்பட்டது. சாராயத்தில் கலந்துவிட்டால் நிறத்திலோ நாக்கிலோ பிரித்தறிய முடியாது. அதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டும். அங்கே என் கொதிநீர்க் கணக்கெல்லாம் செல்லாது.

ஒரு எச்சரிக்கை. 1937-ல் வந்த அந்த மதுவிலக்குச் சட்டம் பல திருத்தங்களுடன் இன்றும் நடப்பில் இருக்கிறது. டென்வர்க்காரர் செய்வதை இங்கே யாரும் செய்து பார்க்க வேண்டாம். வேண்டுமானால் கெட்டியான சூடான கேழ்வரகுக் கஞ்சியைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு ஸ்பூன் கலந்து பாருங்கள். சற்று நேரத்தில் தண்ணீராய் இளகும். பேரன் பேத்திகளுக்குக் காட்டலாம், அவர்களுக்கே ஊட்டவும் செய்யலாம்.

நாகலூர், வாழவந்திப் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாமை, தினை, கேழ்வரகை உங்கள் பாட்டிமார் எப்படி முளைகட்டினார்கள், சூட்டை எப்படிப் பார்த்தார்கள், எத்தனை நாள் வைத்தார்கள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். விரல் கணக்கு, பிடிக் கணக்கு எதுவானாலும் அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள், லிட்டருக்கு மாற்ற வேண்டாம்.