கோவென்ட்ரி என்ஜின் பெருங்களத்தூர் வந்த கதை

1985-ல் சென்னையில் தயாரான ஒரு பெரிய கார் விற்பனைக்கு வந்தது. பெயர் ஸ்டாண்டர்டு 2000. அதன் உடல் பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய உடல். உள்ளே இருந்த நான்கு சிலிண்டர் என்ஜினோ 1940-களில் பிறந்தது. மூன்றே ஆண்டுகளில் கார் நின்றுபோனது. பழி முழுக்க என்ஜின் தலையில் விழுந்தது. அது நியாயமில்லை என்பது என் கட்சி.

கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, போர் முடிந்த கையோடு வேன்கார்டு என்ற காரைத் திட்டமிட்டது. அதற்காக உருவானதுதான் இந்த என்ஜின். சிலிண்டரின் அகலம் 85 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 92 மில்லிமீட்டர். மொத்தம் 2088 சிசி. இப்படி ஸ்ட்ரோக் நீண்ட என்ஜின் வேகமாகச் சுழல விரும்பாது. ஆனால் குறைந்த சுற்றிலேயே நல்ல இழுவை தரும். சிலிண்டர்கள் தனித்தனி லைனர்கள், அவற்றைச் சுற்றித் தண்ணீர் ஓடும். தேய்ந்தால் பிளாக்கைக் கடையாமல் லைனரை மட்டும் மாற்றிவிடலாம். எந்த ஊர் பட்டறையிலும் பிழைத்துக்கொள்ளும் வடிவமைப்பு அது.

கார் கடைக்கு வருவதற்கு முன்பே, 1947-ல், என்ஜின் வயலில் இறங்கிவிட்டது. ஹாரி ஃபெர்குசனின் டிஇ20 டிராக்டரும் கோவென்ட்ரியில்தான் தயாரானது; அதற்குள் இந்த என்ஜினின் சற்றுச் சிறிய வடிவம் போனது. குதிரைத்திறன் முப்பதைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் கலப்பையை இழுத்தது. காரணம் கியர் பெட்டி. கியர் வேகத்தை வாங்கிக்கொண்டு இழுவையைக் கொடுக்கிறது. என்ஜின் பல சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. அந்த ஒரு சுற்றில் பல மடங்கு பலம். டிராக்டருக்கு விரைவு வேண்டாம், பலம் போதும். அந்தக் குடும்பத்து டிராக்டர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாராகின.

1948-ல் வந்த வேன்கார்டில் அதே என்ஜினுக்கு 68 குதிரைத்திறன், மூன்றே கியர். கியரை அடிக்கடி மாற்றாமல் ஓட்டலாம், டாப்பிலேயே மெதுவாக நகரலாம். இழுவை கீழிருந்தே கிடைத்ததால் மூன்று போதுமானதாக இருந்தது.

எனக்கு மிகப் பிடித்த கட்டம் 1953-ல் வருகிறது. டிரயம்ஃப் டிஆர்2 என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காருக்காக என்ஜினின் அகலத்தை 83 மில்லிமீட்டராகக் குறைத்தார்கள். இரண்டு லிட்டர் பந்தயப் பிரிவுக்குள் அடங்கும் 1991 சிசி கிடைத்தது. இரட்டை கார்புரேட்டர், கூடுதல் கம்ப்ரெஷன், 90 குதிரைத்திறன். கியர் நான்கானது. விரும்பினால் ஓவர்டிரைவும் வாங்கலாம். நெடுஞ்சாலையில் அது சுற்றைக் குறைத்து, என்ஜினை மூச்சு வாங்கவிடாமல் ஓட வைக்கும். காரின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. அந்த ஆண்டு மே மாதம் பெல்ஜியத்தின் யாபெக்கே சாலையில், காற்றைக் கிழிக்கத் தோதாகத் தயார் செய்த ஒரு டிஆர்2 மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டரைத் தொட்டது. ஓட்டியவர் கென் ரிச்சர்ட்சன். ஏர் ஓட்டிய குடும்பத்து என்ஜின்தான்! மறு ஆண்டு பிரிட்டனின் ஆர்ஏசி ராலியையும் அந்தக் கார் வென்றது.

இதற்குள் அந்த என்ஜின் கடல் தாண்டியிருந்தது. சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூரை ஒட்டிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையின் முதல் கார் வேன்கார்டுதான். பின்னால் அங்கிருந்து ஹெரால்டு வந்தது, கெஸல் வந்தது. எண்பதுகளில் சொகுசுக் கார் செய்யலாம் என்று துணிந்தபோது நிறுவனம் ரோவர் உடலை எடுத்துக்கொண்டு, பழக்கமான 1991 சிசி என்ஜினை உள்ளே வைத்தது. சக்தி 83 குதிரைத்திறன் அளவில் நின்றது.

கணக்கைப் பாருங்கள். டிஆர்2-வை விடச் சக்தி கொஞ்சம்தான் குறைவு. ஆனால் வண்டி ஒன்றேகால் டன்னைத் தாண்டியது. அதன்மேல் ஐந்து பேர், பெட்டி படுக்கை. அந்த உடல் முதலில் 155 குதிரைத்திறன் தந்த 3.5 லிட்டர் வி8 என்ஜினை நம்பி வரையப்பட்டது. பிரிட்டனிலேயே 1982-ல் இதற்கு இரண்டு லிட்டர் என்ஜின் பொருத்தியபோதும் 100 குதிரைத்திறன் கொடுத்தார்கள். எடைக்கு இழுவை போதாத கார் சிக்னலிலிருந்து கிளம்பும்போதே காட்டிக்கொடுத்துவிடும். லாரியை முந்த மூன்றாவது கியரில் மிதித்தால் சத்தம் மட்டும் ஏறும். மலைப்பாதையில் மூன்றாவது திணறும், இரண்டாவது அலறும், நடுவில் பொருந்தும் கியரே இருக்காது. ஆக்சிலரேட்டரை எப்போதும் ஆழ மிதித்தே ஓட்டுவதால் பெட்ரோலும் கரையும். இதில் என்ஜின் செய்த குற்றம் என்ன? ஒரு டன்னுக்குக் குறைவான காரில் பறந்த என்ஜினின் முதுகில் இவ்வளவு சுமையை ஏற்றியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதே காலத்து கான்டெஸா காரும் இதே சிக்கலில்தான் பிறந்தது. பெரிய வாக்ஸ்ஹால் உடலுக்குள் அம்பாசிடரின் 1489 சிசி என்ஜின். ஆனால் அதைத் தயாரித்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் சில ஆண்டுகளில் இசுசுவின் 1.8 லிட்டர் என்ஜினையும் ஐந்து கியர் பெட்டியையும் கொண்டுவந்து பொருத்தியது. உடல் பழையதுதான், ஓட்டம் வேறாகிவிட்டது. கான்டெஸா 2002 வரை தயாரானது. ஸ்டாண்டர்டு 2000-க்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. 1988-ல் பெருங்களத்தூரில் கார் உற்பத்தி நின்றது.