பணம் வந்த பாதை - 17: ஆளுநரின் கையெழுத்தல்ல, வங்கியின் வாக்கு

சம்பள நாளில் ஒரகடம் ஏ.டி.எம். வாசலில் வரிசை நீளும். உள்ளே வரும் 500 ரூபாய் நோட்டில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்து. அந்த நோட்டு ஸ்ரீபெரும்புதூர் சந்தையிலும் செல்லும், பீகார் கிராமத்திலும் செல்லும். இது எப்போதும் இப்படி இருந்ததில்லை.

1843இல், 30 லட்சம் ரூபாய் முதலோடு, சென்னையில் பேங்க் ஆஃப் மெட்ராஸ் தொடங்கியது. அது தன் பெயரிலேயே நோட்டு வெளியிட்டது. நோட்டைக் கொண்டுவருபவருக்கு ரொக்கம் தருவோம் என்ற வாக்குறுதிதான் அந்தத் தாள். வங்காளத்திலும் பம்பாயிலும் இதே ஏற்பாடு. 1861ஆம் ஆண்டுச் சட்டம் வங்கிகளின் நோட்டு வெளியிடும் உரிமையைப் பறித்தது. 1862 மார்ச் முதல் அரசு நோட்டுகள் வந்தன.

சேகரிப்பவர்கள் இந்த வங்கி நோட்டுகளுக்காக ஏங்குவதன் காரணம் அந்த வாக்குறுதியிலேயே இருக்கிறது. வாக்கைக் காப்பாற்றிய வங்கி, நோட்டைத் திரும்ப வாங்கி ரத்து செய்துவிட்டது. ஆகவே, இன்று கையில் கிடைப்பது பெரும்பாலும் யாரோ மாற்றாமல் விட்ட தாள், அல்லது துளையிட்டு ரத்தான தாள். துளை விழுந்தாலும் எனக்கு அது பொன்தான்.

வாக்கைக் காப்பாற்ற முடியாத வங்கியும் உண்டு. இலங்கையில் ஓரியண்டல் வங்கியின் நோட்டுகள் புழங்கின. 1869இல் காபி இலையில் பற்றிய பூஞ்சை, தமிழகத்துக் கூலிகள் வேலை பார்த்த தோட்டங்களை மெல்லக் கொன்றது. தோட்டங்களுக்குக் கொடுத்த கடன் முடங்கியது. 1884 மே மாதம் வங்கி கதவடைத்தது. நோட்டு வைத்திருந்தவர்கள் பதறினார்கள். இலங்கை ஆளுநர் ஆர்தர் கார்டன், அந்த நோட்டுகளுக்கு அரசே பொறுப்பு என்று அறிவித்தார். ஒரு தனியார் வங்கியின் தாளுக்கு அரசு வாக்குக் கொடுத்த அந்த முடிவு துணிச்சலானது, நியாயமானது. அடுத்த ஆண்டு முதல் இலங்கை அரசே நோட்டு வெளியிட்டது.

உங்கள் வீட்டுப் பரணில், தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், ஒரு வங்கியின் பெயர் பொறித்த பழைய நோட்டு கிடைத்தால் லேமினேஷன் செய்யாதீர்கள், டேப் ஒட்டாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு இடையே மடிக்காமல் வைத்து, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயவியல் பிரிவில் காட்டுங்கள்.