பற்சக்கரமும் மசகெண்ணெயும்

அரசர்களுக்கும் போர்களுக்கும் வரலாறு உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். எண்ணெய்க்கும் ஒரு வரலாறு உண்டு. நான் வாழும் மூலக்குளம், புதுவையிலிருந்து வில்லியனூர் வழியாக விழுப்புரம் செல்லும் சாலையில் உள்ளது. காய்கறி, செங்கல், மீன்பெட்டி முதலியவற்றைச் சுமந்துகொண்டு டீசல் பிக்கப் வண்டிகள் இச்சாலையில் நாள் முழுதும் ஓடுகின்றன. அவற்றுள் பல, ஓட்டுபவருக்கே உரியவை; தவணைக் கடனில் வாங்கியவை. கியர்ப்பெட்டி பழுதாகி வண்டி ஒரு வாரம் பட்டறையில் நின்றால், ஒரு குடும்பத்தின் ஒரு வார வருவாய் நின்றுவிடும். அத்தகைய பழுதுகளுள் ஒருவகை, ஊற்றிய எண்ணெய் பொருந்தாமையால் விளைவது. ‘வலிமை மிக்க எண்ணெயே நல்ல எண்ணெய்’ என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. அஃது ஏன் பிழை என்பதை வரலாற்றின் வழியே காண்போம்.

முதலில் மாட்டு வண்டியை நினையுங்கள். என் இளமையில் வண்டிக்காரர்கள், வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மை செய்வார்கள். அதனை அச்சிலே தடவிய பின்னரே சக்கரத்தை மாட்டி அச்சாணியைச் செருகுவார்கள். இரும்பும் இரும்பும் நேரே உராயாதபடி இடையில் ஒரு படலம் நிற்க வேண்டும். அப்படலமே தேய்மானத்தைத் தாங்க வேண்டும். மசகின் தத்துவம் முழுவதும் இவ்வளவே. பின்னர் வந்த அறிஞர்கள் இதனை விரித்தார்களேயன்றி மாற்றவில்லை.

விளக்கெண்ணெய், அதாவது ஆமணக்கெண்ணெய், மாட்டு வண்டியோடு நின்றுவிடவில்லை. தொடக்கக்கால இந்திய இரயில்வேக்களிலும் அது மசகாகப் பயன்பட்டது. புதுவைக்கும் விழுப்புரத்துக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது 1879-ஆம் ஆண்டில். இங்கிலாந்தில் சார்லஸ் வேக்ஃபீல்டு என்பவரின் நிறுவனம் 1909-இல் ஆமணக்கெண்ணெய் கலந்த மசகொன்றை வெளியிட்டு, ஆமணக்கின் ஆங்கிலப் பெயரைத் தழுவிக் ‘காஸ்ட்ரால்’ என்று பெயரிட்டது. முதல் உலகப் போரில் பறந்த பிரெஞ்சு ‘நோம்’ விமான எஞ்சின்களுக்கும் ஆமணக்கெண்ணெயே ஊற்றப்பட்டது. ஆனால் அதற்கு ஒரு குறையுண்டு. வெப்பமும் காற்றும் பட்டால் நாளடைவில் அது பிசினாகிவிடும். ஆதலின் மூடிய பெட்டிக்குள் நெடுநாள் கிடக்க வேண்டிய மசகாக மண்ணெண்ணெய்க் குலத்தைச் சேர்ந்த கனிம எண்ணெய் இடம்பிடித்தது.

இனி எஞ்சினுக்கு வருவோம். பாரிசில் 1858-இல் பிறந்த ஜெர்மானியர் ருடால்ஃப் டீசல், தம் பெயர் தாங்கிய எஞ்சினை 1897-இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயிலேயே ஓடியது. நம் புதுவைத் துறையிலிருந்து மார்செய் நகருக்கு நிலக்கடலை மிகுதியாகக் கப்பலேறிய காலம் அது. நம் வயல்களின் விளைபொருளுக்கு அவ்வெஞ்சினோடு இத்தகைய உறவு இருந்தது என்பது நாம் அறிந்து மகிழத்தக்கது.

எஞ்சின் எவ்வளவு வலியதாயினும், ஒரு குறிப்பிட்ட வேக வரம்புக்குள் சுழலும்போதுதான் தன் முழு ஆற்றலைத் தரும். பாரத்தோடு புறப்படுவதற்கு இழுவிசை வேண்டும். சமநிலத்தில் ஓடுவதற்கு வேகம் வேண்டும். இவ்விரண்டையும் மாற்றி மாற்றித் தருவதே கியர்ப்பெட்டியின் பணி. சிறு பற்சக்கரம் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் குறையும், இழுவிசை பெருகும். பிரான்சில் எமில் லெவசோர் என்பவர், பற்சக்கரங்களை நகர்த்திப் பொருத்தும் முறையைத் தம் பானார் லெவசோர் கார்களில் 1890-களில் நிலைநாட்டினார். 1895-இல் பாரிசிலிருந்து போர்தோ சென்று மீண்ட பந்தயத்தில், அவர் ஏறத்தாழ 49 மணி நேரம் தாமே காரை ஓட்டி முதலில் வந்து சேர்ந்தார்.

அம்முறையில் ஓர் இடர் இருந்தது. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரு பற்சக்கரங்களை இணைக்க முயன்றால் பற்கள் மோதி அலறும். அதனைத் தவிர்க்கவே பழைய லாரி ஓட்டுநர்கள் கியர் மாற்றும்போது கிளட்சை இருமுறை மிதித்தார்கள். 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் இதற்கு ஒரு தீர்வு வந்தது. ஏர்ல் தாம்சன் என்பவர் வகுத்த ‘சின்க்ரோமெஷ்’ என்னும் அமைப்பே அது. கூம்பு வடிவான ஒரு வளையம் முதலில் பற்சக்கரத்தைப் பற்றிப் பிடித்து, இரண்டின் வேகத்தையும் சமமாக்கும். அதன் பின்னரே பற்கள் சேரும். அவ்வளையம் பெரும்பாலும் பித்தளை போன்ற செம்புக் கலவையால் ஆனது. இதனை நன்கு நினைவில் வையுங்கள்.

ஏறத்தாழ அதே காலத்தில் பின்னச்சிலும் ஒரு மாறுதல் நேர்ந்தது. அங்கே சுழற்சியைத் திசைதிருப்பிச் சக்கரங்களுக்கு அனுப்புவது கிரவுன்–பினியன் என்னும் பற்சக்கர இணை. 1920-களின் நடுவில் ‘ஹைப்பாய்டு’ என்னும் புதுவகை வந்தது. அதில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு, நெடுகச் சறுக்கவும் செய்யும். அச்சறுக்கலின் அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். ஆதலின் கந்தகமும் பாஸ்பரசும் அடங்கிய சேர்மங்களை எண்ணெயில் கலந்தார்கள். பற்கள் சூடேறும் இடத்தில் அவை இரும்போடு வினைபுரிந்து மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கும். பல்லுக்கு மாறாக அப்படலம் தேயும், பல் பிழைக்கும்.

இரும்பைக் காக்கும் அக்கந்தகமே, வெப்பம் மிகுந்தால் செம்புக் கலவையை அரிக்க வல்லது. மேலும், வளையம் தன் பணியைச் செய்ய ஓரளவு உராய்வு வேண்டும். அளவுக்கு மீறி வழுக்கும் எண்ணெயில் அது பிடிமானம் இழக்கும். கியர் விழாது, அல்லது அலறிக்கொண்டு விழும். பின்னச்சுக்கு அமுதமாவது கியர்ப்பெட்டிக்கு நஞ்சாகலாம்! ஆதலால்தான் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏ.பி.ஐ., கியர் எண்ணெய்களை வகை பிரித்தது. அதன்படி ஜி.எல்.–5 என்பது ஹைப்பாய்டு பற்களுக்குரியது. ஜி.எல்.–4 என்பது அதனினும் குறைந்த அளவு காப்புச் சேர்மம் உடையது. வளையமுடைய கியர்ப்பெட்டிகள் பலவற்றுக்கு உரியது.

இவ்விடத்தில் ஒரு மயக்கம் நேர்கிறது. கடையில் “90 நம்பர் ஆயில் கொடுங்கள்” என்று கேட்பது நம் வழக்கம். 90 என்பது எண்ணெயின் தடிமனைக் குறிக்கும் எண்ணேயன்றி, அதனுள் கலந்த சேர்மத்தைக் குறிப்பதன்று. 90 நம்பரில் ஜி.எல்.–4 உண்டு, ஜி.எல்.–5-உம் உண்டு. ஒருவரின் உயரத்தைச் சொன்னால் அவரது குணம் விளங்குமா? அவ்வாறே இதுவும். 80டபிள்யூ–90 என்று எழுதியிருந்தால், முன்னெண் குளிரில் அதன் ஓட்டத்தையும், பின்னெண் சூட்டில் அதன் தடிமனையும் காட்டும்.

நம் நாட்டில் இவ்வறிவின் தேவை படிப்படியாக வளர்ந்தது. புதுவை இந்தியாவோடு நடைமுறையில் இணைந்த 1954-ஆம் ஆண்டிலேயே டாடா நிறுவனம் ஜெர்மானிய மெர்சிடிஸ்–பென்ஸ் கூட்டுறவில் லாரி உற்பத்தியைத் தொடங்கியது. சென்னை எண்ணூரில் 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்டு ஆயிற்று. டாடா 407 சிறு லாரி 1986-இலும், டாடாவின் பிக்கப் வண்டி 1988-இலும், டாடா ஏஸ் 2005-இலும் வந்தன. பெருநிறுவனத்தின் லாரிக்குத் தனிப் பணிமனை உண்டு. சிறு வண்டி வந்தபோதோ, உரிமையாளரும் ஓட்டுநரும் பராமரிப்பவரும் ஒருவரே ஆயினர். எண்ணெய் தேரும் பொறுப்பும் அவர்மேல் விழுந்தது.

அவர் செய்யத்தக்கவை மூன்று. ஒன்று, வண்டியோடு வந்த கையேட்டில் கியர்ப்பெட்டிக்கும் பின்னச்சுக்கும் தனித்தனியே குறித்துள்ள வகையையும் எண்ணையும் பார்த்து வாங்குதல். பித்தளைக்குத் தீங்கு செய்யாத ஜி.எல்.–5 எண்ணெய்களும் இன்று உள்ளன; 90-ஐவிட மெலிந்த எண்ணெய் கேட்கும் பெட்டிகளும் உள்ளன. முடிவு கூற வேண்டியது கையேடே. இரண்டு, குறித்த கிலோமீட்டரில் எண்ணெயை மாற்றுதல். வடித்த எண்ணெயில் பித்தளைத் துகள் மிகுதியாக மின்னினால், வளையம் தேய்கிறது என்று அறிதல். மூன்று, வெள்ளத்தில் நின்ற வண்டியைச் சோதித்தல். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலால் புதுவையில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அத்தகைய நீரில் மூழ்கிய பெட்டிக்குள் காற்றுத்துளை வழியே நீர் புகும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

மாணவர்களே, உங்கள் இல்லத்தில் வண்டி இருந்தால் கையேட்டின் அப்பக்கத்தை எடுத்துத் தந்தைக்கோ அண்ணனுக்கோ படித்துக் காட்டுங்கள். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டிக்காரர், தம் அச்சுக்கு எது தகும் என்பதை அறிந்திருந்தார். அவ்வறிவை இன்றைய வண்டிக்கும் நாம் தேடிக்கொள்ள வேண்டும்.