தீயணைப்பு வரைபடங்களின் வரலாறு

ஒரு ஊரின் கட்டடங்கள், தெருக்கள், தண்ணீர் கிடைக்கும் இடங்கள், எளிதில் தீப்பற்றும் பொருட்கள் ஆகியவற்றைத் தீ விபத்தை முன்னிட்டுக் குறித்துக் காட்டும் நிலப்படம் தீயணைப்பு வரைபடம் எனப்படுகிறது. இன்று தீயணைப்பு நிலையம் எங்கே அமைய வேண்டும், எந்த வண்டி முதலில் புறப்பட வேண்டும், எந்தத் தெரு மக்களை முதலில் வெளியேற்ற வேண்டும் என்பன போன்ற முடிவுகள் பல நாடுகளில் கணினி வரைபடத்தைப் பார்த்தே எடுக்கப்படுகின்றன. ஆயினும் இத்தகைய படங்களைத் தொடக்கத்தில் பெருமளவில் வரையச் செய்தவர்கள் தீயணைப்பு வீரர்கள் அல்லர், காப்பீட்டு நிறுவனத்தார். அவர்களுடைய தேவையிலிருந்து தொடங்கிய இக்கலை, தந்தி, காவல் கோபுரம், கணினி, செயற்கைக்கோள் எனப் பல கட்டங்களைக் கடந்து வந்துள்ளது.

லண்டன் தீயும் காப்பீடும்

1666 செப்டம்பர் 2 அன்று லண்டனில் புட்டிங் லேன் என்ற சந்தில் இருந்த ரொட்டிக் கடையில் பற்றிய தீ, நான்கு நாட்களுக்கு மேல் எரிந்தது. சுமார் 13,200 வீடுகளும் 87 கோயில்பற்று ஆலயங்களும் அழிந்தன. இதன் பின்னரே வீடுகளுக்கான தீக் காப்பீடு ஒரு தொழிலாக உருவானது. காப்பீட்டு நிறுவனங்கள் தமக்கெனத் தீயணைப்புக் குழுக்களை வைத்துக்கொண்டன. காப்பீடு பெற்ற வீட்டின் சுவரில் நிறுவனத்தின் சின்னம் பொறித்த உலோகத் தகடு பதிக்கப்பட்டது. கதவு எண் பரவலாக வழக்கில் இல்லாத அக்காலத்தில், எந்த வீடு காப்பீடு பெற்றது என்பதை அடையாளம் காட்டியது அந்தத் தகடே.

வீடுகளின் எண்ணிக்கை பெருகியபோது தகடு போதவில்லை. ரிச்சர்டு ஹார்வுட் என்ற நில அளவையாளர் 1792 முதல் 1799 வரை லண்டன் நகரின் பெரிய வரைபடத்தை 32 தாள்களில் வெளியிட்டார். ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியே காட்டி, அதன் எண்ணையும் குறிப்பது அவரது நோக்கம். ஃபீனிக்ஸ் என்னும் தீக் காப்பீட்டு நிறுவனம் இம்முயற்சிக்குத் துணை நின்றது. இத்தனை உழைப்புக்குப் பின்னும் ஹார்வுட் 1803இல் வறுமையில் இறந்தார். வீட்டுக்கு வீடு அளந்து வரையும் வேலைக்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி இத்துறையில் அன்றே தொடங்கிவிட்டது.

நிறங்களால் பேசிய தாள்கள்

அமெரிக்காவில் அந்தச் செலவைக் காப்பீட்டுத் தொழில் முழுவதுமாகச் சேர்ந்து ஏற்றது. 1835 டிசம்பரில் நியூயார்க்கில் ஏற்பட்ட பெருந்தீ, நகரின் காப்பீட்டு நிறுவனங்களில் பெரும்பாலானவற்றை முறித்துப்போட்டது. அடுத்தடுத்த கட்டடங்களுக்கெல்லாம் ஒரே நிறுவனம் காப்பீடு கொடுத்திருந்தால், ஒரே இரவில் அந்த நிறுவனம் வீழ்ந்துவிடும் என்பது அப்போது தெளிவானது. எந்தக் கட்டடம் எதை ஒட்டி நிற்கிறது என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே பார்க்க ஒரு படம் தேவைப்பட்டது. வில்லியம் பெரிஸ் 1850களில் நியூயார்க்குக்கு அத்தகைய படங்களை வரைந்தார்.

இத்தொழிலை நாடு முழுவதும் பரப்பியவர் மாசசூசெட்ஸைச் சேர்ந்த டேனியல் ஆல்ஃபிரட் சான்போர்ன். 1867இல் அவர் நியூயார்க்கில் தொடங்கிய அலுவலகம், பின்னாளில் சுமார் 12,000 ஊர்களுக்கு வரைபடம் வெளியிட்ட நிறுவனமாக வளர்ந்தது. ஓர் அங்குலத்துக்கு 50 அடி என்ற அளவில் ஒவ்வொரு கட்டடமும் வரையப்பட்டது. செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரக் கட்டடத்துக்கு மஞ்சள், கல் கட்டடத்துக்கு நீலம், இரும்புக்குச் சாம்பல் என நிறங்கள் வகுக்கப்பட்டன. மாடிகளின் எண்ணிக்கை, கூரையின் வகை, சன்னல்களின் இடம், கொதிகலன் இருக்கும் அறை, தெருவடி நீர்க்குழாயின் விட்டம், தெருவோரத் தீயணைப்புக் குழாய்கள் ஆகியவை குறியீடுகளால் காட்டப்பட்டன. மஞ்சள் கட்டங்கள் நெருங்கிக் கிடக்கும் பகுதியைப் பார்த்த மாத்திரத்திலேயே, அங்கே தீப்பிடித்தால் வேகமாகப் பரவும் என்பது விளங்கியது.

இப்படங்களின் மதிப்பு, அவற்றைத் திருத்திய முறையில் இருந்தது. ஒரு கொட்டகை இடிக்கப்பட்டாலோ புது மாடி எழுந்தாலோ, அந்தச் சிறு பகுதியை மட்டும் புதிதாக அச்சிட்டு, பழைய தாளின் மேல் சரியான இடத்தில் ஒட்டினார்கள். பல ஆண்டுகள் பயன்பட்ட தாள்கள் ஒட்டின் மேல் ஒட்டாகத் தடித்துப் போயிருப்பதை இன்றும் காணலாம். அளவையாளர்கள் மீண்டும் மீண்டும் அதே தெருக்களில் நடந்ததால்தான் படம் உண்மையாக இருந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இத்தகைய தாள்கள் சுமார் 7,00,000 உள்ளன. இதே காலத்தில் சார்லஸ் கோட் என்பவர் கனடாவிலும், பின்னர் பிரிட்டனிலும் இதை ஒத்த படங்களை வெளியிட்டார்.

இடத்தைச் சொன்ன எண்

காப்பீட்டு வரைபடம், தீ பிடித்தால் எப்படி எரியும் என்று சொல்லியது. இப்போது எங்கே எரிகிறது என்பதை அது சொல்ல இயலாது. அந்தக் குறையைத் தந்தி தீர்த்தது. வில்லியம் சானிங், மோசஸ் ஃபார்மர் ஆகியோர் வகுத்த தீ எச்சரிக்கைத் தந்தி முறை 1852இல் பாஸ்டன் நகரில் செயற்படத் தொடங்கியது. தெருமுனைகளில் எண்ணிட்ட பெட்டிகள் வைக்கப்பட்டன. ஒருவர் பெட்டியை இயக்கினால் அதன் எண் நடு நிலையத்துக்குச் சென்றது. எண் தெரிந்தால் இடம் தெரிந்தது.

காலப்போக்கில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அட்டை எழுதப்பட்டது. முதல் எச்சரிக்கைக்கு எந்த வண்டிகள் போக வேண்டும், தீ பெரிதானால் அடுத்து எவை, அவை விட்டுச்சென்ற நிலையங்களை யார் நிரப்புவது என்பவை அதில் முன்கூட்டியே இருந்தன. ஊரின் வரைபடம் முழுவதும் அட்டைப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது போன்ற ஏற்பாடு இது.

காடுகளில் தெருமுனையும் இல்லை, தந்திப் பெட்டியும் இல்லை. 1910 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஐடஹோ, மொன்டானா பகுதிகளில் இரண்டே நாட்களில் சுமார் 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தது. 80க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் தீயணைக்கச் சென்றவர்கள். அதன் பின் மலையுச்சிகளில் காவல் கோபுரங்கள் பெருகின. வனத்துறையைச் சேர்ந்த வில்லியம் ஆஸ்போர்ன் உருவாக்கிய கருவி அக்கோபுரங்களில் வைக்கப்பட்டது. வட்டமான மேசை மேல் அப்பகுதியின் வரைபடம். அதன் நடுப்புள்ளி கோபுரம் நிற்கும் இடம். சுற்றிலும் பாகை அளவு. புகையைக் குறிபார்த்து, அது எத்தனை பாகையில் தெரிகிறது என்று காவலர் சொல்வார். இன்னொரு கோபுரத்திலிருந்தும் அப்படியே பாகை கிடைத்தால், இரு கோடுகளும் வெட்டும் புள்ளியே தீ இருக்கும் இடம்.

நியூயார்க்கின் கணக்கு

1960களில் நியூயார்க் நகரில் தீ அழைப்புகள் வேகமாகப் பெருகின. நகர நிர்வாகம் ராண்ட் ஆய்வு நிறுவனத்துடன் சேர்ந்து தீயணைப்புப் பணியைக் கணிதத்தால் ஆராயத் தொடங்கியது. இதில் நல்ல பலன்கள் கிடைத்தன. பீட்டர் கோலசர், வாரன் வாக்கர் ஆகியோர், ஒரு பகுதியின் வண்டிகள் அனைத்தும் வேலையில் இருக்கும்போது வேறு எங்கிருந்து எந்த வண்டியை அங்கே நகர்த்தி வைக்கலாம் என்பதைக் கணினி கணக்கிடும் முறையை வகுத்தனர். தயாராக நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கைக்கும், தீ வரை அவை கடக்க வேண்டிய சராசரித் தொலைவுக்கும் உள்ள உறவும் கண்டறியப்பட்டது. தொலைவைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால் வண்டிகளை நான்கு மடங்காக்க வேண்டும் என்பது அதன் சுருக்கம்.

நகரத்தின் நிதி நெருக்கடியில் இதே வகைக் கணக்கு வேறொரு கேள்விக்குப் பயன்பட்டது: எந்த நிலையத்தை மூடினால் இழப்பு குறைவு? நெருக்கமாகப் பல குழுக்கள் இருந்த ஏழைக் குடியிருப்புகளில் ஒன்றை மூடினாலும் அடுத்த வண்டி பக்கத்திலேயே இருப்பதாகப் படம் காட்டியது. 1972 முதல் தென் பிராங்ஸ் உள்ளிட்ட பகுதிகளில் குழுக்கள் கலைக்கப்பட்டன. ஆனால் அங்கே குழுக்கள் நெருக்கமாக இருந்ததற்குக் காரணம், அங்கே தீ அதிகம் என்பதே. பக்கத்தில் இருந்த வண்டி பெரும்பாலும் வேறொரு தீயில் இருந்தது. அழைப்புகளின் சுமைக்குப் போதிய எடை தராமல் தொலைவையும் நேரத்தையும் முதன்மையாக வைத்ததே பிழை என்று டெபோரா வாலஸ், ராட்ரிக் வாலஸ் ஆகிய ஆய்வாளர்கள் பின்னர் விமர்சித்தனர்.

பிராங்ஸின் அழிவுக்கு இது மட்டும் காரணமன்று. வறுமை, வீட்டு உரிமையாளர்கள் கட்டடங்களைக் கைவிட்டது, வேண்டுமென்றே வைக்கப்பட்ட தீ ஆகியவையும் சேர்ந்தன. 1970க்கும் 1980க்கும் இடையில் பிராங்ஸின் ஏழு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வட்டாரங்கள், தீயாலும் கைவிடப்பட்டதாலும் தம் கட்டடங்களில் 97 விழுக்காட்டுக்கும் மேல் இழந்தன.

கணினித் திரையில் ஊர்

கனடாவில் ரோஜர் டாம்லின்சன் 1960களில் நிலவளக் கணக்கெடுப்புக்காக உருவாக்கிய முறையிலிருந்து புவியியல் தகவல் அமைப்பு என்னும் துறை வளர்ந்தது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 1970, 1990 கணக்கெடுப்புகளுக்காகத் தெருக்களைக் கணினியில் ஏற்றியபோது, ஒவ்வொரு தெருத் துண்டிலும் கதவு எண்கள் எதில் தொடங்கி எதில் முடிகின்றன என்பதும் பதிவானது. முகவரியைச் சொன்னால் திரையில் புள்ளி விழும் வசதி இதிலிருந்து வந்தது. எண்கள் வரிசையாக இருக்கும் ஊரில் இது எளிது. பழைய எண், புதிய எண் என இரண்டையும் எழுதும் சென்னை போன்ற நகரில் வீட்டுக்கு வீடு சரிபார்த்த பட்டியல் வேண்டும்.

இன்று தீயணைப்புத் துறைகள் கணினி வரைபடத்தை மூன்று நிலைகளில் பயன்படுத்துகின்றன. முதலாவது திட்டமிடல். 2001இல் வெளியான அமெரிக்கத் தர விதி ஒன்று, முதல் வண்டி நான்கு நிமிடப் பயணத்தில் இடத்தை அடைய வேண்டும் என்று இலக்கு வைத்தது. நிலையத்தைச் சுற்றி வட்டம் போட்டு இதை அளக்க முடியாது. ஆறு, ரயில் பாதை, ஒருவழித் தெரு ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு சாலை வழியே அளக்க வேண்டும். இரண்டாவது ஆயத்தம். பெரிய கட்டடங்களின் படிக்கட்டு, மின்சார இணைப்பைத் துண்டிக்கும் இடம், வேதிப்பொருள் கிடங்கு ஆகியவை முன்னரே பதிவாகின்றன. மூன்றாவது, தீயை எதிர்கொள்ளல். செயற்கைக்கோள் இடங்காட்டியால் வண்டி எங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்பது தெரிவதால், அருகில் உள்ள நிலையத்தைத் தேடாமல் அருகில் உள்ள வண்டியையே அனுப்ப முடிகிறது. கைபேசியில் அழைப்பவரின் இடத்தைக் கண்டறிய வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1996இல் வந்தது. அடுக்குமாடிக் கட்டடத்தில் அவர் எந்த மாடியில் இருக்கிறார் என்பது இன்னும் கடினமான கேள்வியாகவே உள்ளது.

வானிலிருந்து பார்வை

காட்டுத்தீ எத்திசையில், எவ்வளவு வேகத்தில் பரவும் என்பதைக் காற்று, சரிவு, எரிபொருளின் ஈரம் ஆகியவற்றிலிருந்து கணிக்கும் சமன்பாடுகளை ரிச்சர்டு ராதர்மெல் 1972இல் வெளியிட்டார். பின்னர் வந்த கணினி மென்பொருள்கள் அவற்றை வரைபடத்தின் மேல் ஓட்டிக் காட்டின. 1999இலும் 2002இலும் ஏவப்பட்ட டெர்ரா, ஆக்வா செயற்கைக்கோள்கள் பூமியின் வெப்பப் புள்ளிகளை நாள்தோறும் கண்டறிந்தன. இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம் 2004 முதல் இத்தரவுகளைக் கொண்டு மாநில வனத்துறைகளுக்குத் தீ எச்சரிக்கை அனுப்பி வருகிறது.

இந்தப் படங்களுக்கும் எல்லை உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். செயற்கைக்கோள் வெப்பத்தைக் காணும். அந்தச் சரிவில் மனிதர்கள் நடக்கிறார்கள் என்பதை அது காணாது. அதற்கு நுழைவுப் பதிவேடும் காவலரும் வேண்டும். அதே ஆண்டு நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரும் சுற்றுப்புறங்களும் எரிந்து 85 பேர் இறந்தனர். அந்த ஊரில் மக்களை மண்டலம் மண்டலமாக வெளியேற்றும் வரைபடம் முன்பே தயாராக இருந்தது. பகுதி பகுதியாக வரும் தீயை எண்ணி அது வகுக்கப்பட்டிருந்தது. அன்று தீ சில மணி நேரத்தில் ஊர் முழுவதையும் சூழ்ந்துகொள்ள, மலைச் சாலைகள் வாகனங்களால் அடைபட்டன.

சான்போர்ன் அளவையாளர் ஒட்டுத் தாளோடு மீண்டும் மீண்டும் தெருவுக்குத் திரும்பினார். கணினி வரைபடத்துக்கும் அந்த வேலை குறையவில்லை. புதிய சுவர், அடைக்கப்பட்ட வழி, வற்றிய நீர்க்குழாய் ஆகியவற்றை யாரேனும் நேரில் பார்த்துத் திரையில் திருத்தினால்தான், அடுத்த வண்டி சரியான வாசலில் போய் நிற்கும்.