கிரிப்டானிலிருந்து ஒரு குடியேறி

ஒரு கோள் அழியப்போகிறது. அங்கே வாழும் விஞ்ஞானி ஒருவர் அவசர அவசரமாக ஒரு விண்கலத்தைக் கட்டி, கைக்குழந்தையான தம் மகனை அதில் கிடத்திப் பூமியை நோக்கி ஏவுகிறார். 1938 ஜூன் மாதத் தேதியுடன் வெளிவந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் சூப்பர்மேனின் பிறப்புக் கதை ஒரே பக்கத்தில் முடிந்துவிடுகிறது. பிறந்த கோளுக்கு அங்கே பெயர்கூட இல்லை. வழிப்போக்கர் ஒருவர் குழந்தையைக் கண்டெடுத்து அநாதை இல்லத்தில் சேர்க்கிறார், அவ்வளவுதான். அந்த ஒற்றைப் பக்கத்தின்மேல் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக விளக்கங்கள் அடுக்கப்பட்டு வருகின்றன. அவன் மோசே என்பார்கள், கிறிஸ்து என்பார்கள், பிராகா நகரத்து யூத குரு களிமண்ணில் செய்து உயிரூட்டியதாகச் சொல்லப்படும் காவலன் கோலெம் என்பார்கள். இவற்றுள் எது கதைக்குள்ளேயே இருந்தது, எது பின்னால் வந்தவர்கள் சூட்டியது என்று பிரித்துப் பார்த்தால், வேதத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி குடியேறியவர்களின் வீடுகளிலிருந்து வந்தது தெரியும்.

சூப்பர்மேன் பிறந்த இடம் ஓஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரின் கிளென்வில் பகுதி. 1930களில் அங்கே யூதக் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்தன. கதை எழுதிய ஜெரி சீகல், லித்துவேனியாவிலிருந்து வந்த பெற்றோரின் ஆறு பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. படம் வரைந்த ஜோ ஷூஸ்டர் டொரன்டோவில் பிறந்து, சிறுவனாக இருக்கும்போதே குடும்பத்தோடு கிளீவ்லாந்துக்கு வந்தவர். அவருடைய தந்தை ராட்டர்டாமிலிருந்தும் தாய் கீவிலிருந்தும் வந்தவர்கள். இருவரும் 1914இல் பிறந்தவர்கள். கிளென்வில் உயர்நிலைப் பள்ளியில் நண்பர்களானார்கள்.

அவர்களுக்குப் பத்து வயது ஆனபோது, 1924இல், அமெரிக்கா குடியேற்றத்துக்குக் கதவைச் சாத்தியது. 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர்கள் எத்தனை பேரோ, அதில் 2 விழுக்காட்டினருக்கு மட்டுமே இனி ஆண்டுதோறும் இடம் என்றது புதிய சட்டம். கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் இத்தாலியர்களும் பெருந்திரளாக வந்தது 1890க்குப் பிறகுதான். கணக்கெடுப்பின் ஆண்டு அவர்களைத் தடுக்கவே தேர்ந்தெடுக்கப்பட்டது. சீகலும் ஷூஸ்டரும் வளர்ந்த காலத்தில், தங்கள் பெற்றோரைப் போன்றவர்கள் இந்த நாட்டுக்குத் தேவையில்லை என்பது சட்டமாகவே எழுதப்பட்டிருந்தது.

1932 ஜூனில் இன்னோர் இடி விழுந்தது. சீகலின் தந்தை நடத்திவந்த துணிக்கடையில் திருடர்கள் புகுந்தார்கள். அந்தக் கலவரத்தில் அவர் மாரடைப்பால் இறந்துபோனார். துப்பாக்கிக் குண்டு துளைக்காத உடலுடைய நாயகனை மகன் உருவாக்கியது அதற்குப் பிறகு. இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று சீகல் வெளிப்படையாகச் சொன்னதில்லை. ஆனால் 1975இல் வெளியிட்ட அறிக்கையில், நாஜி ஜெர்மனியில் யூதர்கள் பட்ட கொடுமைகளைக் கேள்விப்பட்டதும் தன்னைத் தூண்டியவற்றுள் ஒன்று என்று எழுதினார். சிம்சோன், ஹெர்குலிஸ் முதலான பலசாலிகள் எல்லோரையும் ஒருவனுக்குள் அடக்க விரும்பியதையும் அவர் சொல்லியிருக்கிறார். விவிலியப் பெயர் அவர் வாயிலிருந்து வருவது சிம்சோன் என்ற அளவில்தான்.

அப்படியானால் மோசே? ஆற்றில் விடப்பட்ட கூடை ஒன்றே அவரைக் காட்டிவிடாது. நம் பாரதத்தில் கர்ணனும் பெட்டியில் வைத்து ஆற்றில் விடப்பட்டவன்தான். அக்காட் மன்னன் சார்கோனுக்கும் இப்படி ஒரு பிறப்புக் கதை உண்டு. சூப்பர்மேனை மோசேக்கு அருகில் கொண்டுவருவது வேறொன்று. அந்நியர் வீட்டுப் பிள்ளையாக, அவர்களுடைய மொழியும் நடையுடையும் கற்று வளர்ந்து, தான் யார் என்பதை உள்ளுக்குள் வைத்துக்கொண்டு வாழும் நிலை அது. யாத்திராகமத்தில் அது ஓர் அத்தியாயம். கிளென்வில்லில் அது அன்றாட வாழ்க்கை.

கிளார்க் கென்ட் என்ற பெயரையும் மூக்குக் கண்ணாடியையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். கூச்சமும் தடுமாற்றமும் கொண்ட பத்திரிகை நிருபர், சட்டைக்கு அடியில் வேறொரு உடை, வேறொரு பெயர், வேறொரு ஊர். அந்தக் காலத்துக் காமிக்ஸ் தொழிலே இப்படித்தான் இயங்கியது. ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க், ஜாக் கர்பி ஆனார். ஸ்டான்லி லீபர், ஸ்டான் லீ ஆனார். பேட்மேனை பில் ஃபிங்கருடன் சேர்ந்து படைத்த ராபர்ட் கான், பாப் கேன் ஆனார். மூவரும் நியூயார்க் யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். விளம்பர நிறுவனங்களிலும் பெரிய இதழ்களிலும் யூதர்களுக்குக் கதவு திறக்காத காலம் அது. மதிப்புக் குறைந்ததாகக் கருதப்பட்ட காமிக்ஸ் தொழில் அவர்களை ஏற்றுக்கொண்டது. இரட்டை அடையாளம் இவர்களுக்குக் கற்பனையில் தோன்றிய உத்தி மட்டும் அல்ல, கையெழுத்திடும்போதெல்லாம் வாழ்ந்த உண்மை.

பின்னால் சூட்டிய விளக்கங்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். பிறந்த கோளான கிரிப்டானில் சூப்பர்மேனுக்கு இருந்த கல்-எல் என்ற பெயரின் இறுதியில் எபிரேயத்தில் இறைவனைக் குறிக்கும் அசை இருக்கிறது என்பது பரவலான வாதம். ஆனால் சூப்பர்மேனின் தந்தைக்குச் சீகல் இட்ட பெயரின் முடிவில் ஒற்றை ஆங்கில எழுத்துதான் இருந்தது. அது எபிரேயச் சாயலோடு விரிந்தது ஜார்ஜ் லோதர் 1942இல் எழுதிய நாவலில். அதுபோலவே, நாஜிகளிடமிருந்து தப்புவதற்காகப் பெற்றோரைப் பிரிந்து பிரிட்டனுக்கு ரயிலேற்றி அனுப்பப்பட்ட சுமார் 10,000 அகதிக் குழந்தைகளோடும் சூப்பர்மேனை இணைத்துப் பேசுகிறார்கள். அந்த ரயில்கள் புறப்படத் தொடங்கியது 1938 டிசம்பரில். சூப்பர்மேன் அதற்கு முன்பே கடைகளுக்கு வந்துவிட்டான். கதை வரலாற்றைப் பார்த்து எழுதப்பட்டதல்ல. அது வெளிவந்த சில மாதங்களில் வரலாறு அந்தக் கதையைப் போலவே நடந்தது. மனத்தை உலுக்குவது இதுதான். 1939இல் பெரும்பாலும் யூத அகதிகளான 937 பயணிகளோடு வந்த செயின்ட் லூயிஸ் கப்பலுக்குக் கியூபா இடம் மறுத்தது, அமெரிக்காவும் மறுத்தது. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. திரும்பியவர்களில் 254 பேர் நாஜிகளின் இன அழிப்பில் மாண்டார்கள். அயல்கோளிலிருந்து வந்த குழந்தையை அமெரிக்கச் சிறுவர்கள் கொண்டாடிய அதே ஆண்டு அது.

போர் தொடங்கியபின் மறைப்பு சற்று விலகியது. 1940 பிப்ரவரியில் ‘லுக்’ இதழுக்காகச் சீகலும் ஷூஸ்டரும் இரண்டு பக்கக் கதை ஒன்று செய்தார்கள். சூப்பர்மேன் ஹிட்லரையும் ஸ்டாலினையும் தூக்கிக்கொண்டு போய் ஜெனீவாவில் உலக நாடுகள் சங்கத்தின் முன் நிறுத்துகிறான். ஏப்ரலில் நாஜி எஸ்எஸ் படையின் வார ஏடு, சீகலை யூதர் என்று பெயர் சொல்லி இழித்து எழுதியது. அந்த டிசம்பரில் ஜோ சைமனும் ஜாக் கர்பியும் படைத்த ‘கேப்டன் அமெரிக்கா’ கடைக்கு வந்தது. அட்டையிலேயே நாயகன் ஹிட்லரின் முகத்தில் குத்துவிடுகிறான். அமெரிக்கா போரில் இறங்க இன்னும் ஓராண்டு இருந்தது. படைக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட நோஞ்சான் இளைஞனுக்கு மருந்து செலுத்தி வீரனாக்கும் விஞ்ஞானிக்கு முதல் இதழில் ரைன்ஸ்டைன் என்று பெயர். ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்த ஐன்ஸ்டைனை நினைக்காமல் அந்தப் பெயரை யாரும் படித்திருக்க முடியாது. மிரட்டல்கள் வந்தன, நியூயார்க் மேயர் லாகார்டியா தொலைபேசியில் அழைத்துத் துணை நிற்பதாகச் சொன்னதைச் சைமன் பதிவு செய்திருக்கிறார்.

கிறிஸ்துவின் சாயல் பிற்காலத் திரைப்படங்களின் வேலை. 1978 படத்தில் மார்லன் பிராண்டோ நடித்த தந்தை, ஒரே மகனை மனிதர்களுக்காக அனுப்புகிறார். 2013இல் வந்த ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ நாயகனுக்கு வயது 33. தேவாலயத்தில் அவன் அமர்ந்திருக்க, பின்னால் வண்ணக் கண்ணாடியில் இயேசு ஜெபிக்கிறார். படத்தை வைத்துப் பிரசங்கம் செய்யப் போதகர்களுக்குக் குறிப்புகளும் அனுப்பப்பட்டன. பெரும்பான்மைச் சமூகம் தனக்குப் பிடித்த நாயகனைத் தன் மதத்துக்குள் அழைத்துக்கொள்வது இயல்புதான். ஆனால் அகதிக் குழந்தை இறைமகன் ஆகிவிடும்போது, புதிய ஊரில் பிழைக்க வழி தேடும் பதற்றம் கதையிலிருந்து கழன்றுவிடுகிறது. அது பெரிய இழப்பு.

அந்தப் பதற்றம், மக்கள் அஞ்சி ஒதுக்கும் வல்லமையாளர்களுக்கான பள்ளியைப் பற்றிய ‘எக்ஸ்-மென்’ தொடரில் உயிரோடு இருந்தது. 1963இல் ஸ்டான் லீயும் கர்பியும் தொடங்கியபோது அதன் ஐந்து மாணவர்களும் வெள்ளை அமெரிக்கர்கள். 1975இல் லென் வைனும் டேவ் காக்ரமும் கென்யா, ரஷ்யா, ஜெர்மனி என்று உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்களைச் சேர்த்தார்கள். அவர்களில் கர்ட் வாக்னர், பிசாசின் உருவமும் ஆழ்ந்த கத்தோலிக்க பக்தியும் கொண்டவன். பிறகு பொறுப்பேற்ற கதாசிரியர் கிறிஸ் கிளேர்மான்ட், இளமையில் இஸ்ரேலின் கிப்புட்ஸ் ஒன்றில் தங்கி, வதைமுகாம்களிலிருந்து மீண்டவர்களைச் சந்தித்தவர். 1981இல் வந்த 150ஆவது இதழில், அதுவரை வெறும் வில்லனாக இருந்த மேக்னெட்டோ, கிட்டி பிரைட் என்ற சிறுமியைச் சண்டையில் வீழ்த்துகிறான். அவள் தாவீதின் நட்சத்திரத்தைக் கழுத்தில் அணியும் யூதப் பெண். கொன்றுவிட்டோமோ என்று நெருங்கிப் பார்ப்பவன் நொறுங்கிப்போகிறான். ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் வளர்ந்தவன் தான் என்பது அந்த இதழில்தான் வெளிவருகிறது. காமிக்ஸ் வரலாற்றில் இதற்கு இணையான காட்சிகள் மிகச் சில. அப்போதும் அவன் யூதன் என்பது நேராகச் சொல்லப்படவில்லை. அவனுடைய குடும்பப் பெயரும் முழு வரலாறும் கிடைக்க 2008 வரை ஆயிற்று.

‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ தொடரின் பென் கிரிமும் நெடுங்காலம் காத்திருந்தான். 1961இல் பிறந்த இந்தக் கல்லுடல் மனிதன், கர்பி வளர்ந்த நியூயார்க் கீழ்க்கிழக்குப் பகுதியின் சாயலில் அமைந்த யான்சி தெருக்காரன். பெஞ்சமின் என்பது கர்பியின் தந்தை பெயர். 1976இல் கர்பி தம் ஹனுக்கா வாழ்த்துக்காக அவனை யூதத் தொழுகைச் சால்வையோடு வரைந்தார். ஆனால் இதழ்களில் அது பற்றி ஒரு சொல்லும் இல்லை. 2002இல் கார்ல் கெசல் எழுதிய கதையில், குற்றுயிராகக் கிடக்கும் பழைய அடகுக்கடைக்காரர் பக்கத்தில் மண்டியிட்டு, பென் ‘ஷெமா’ என்ற யூத மன்றாட்டைச் சொல்கிறான். பிழைத்தெழும் முதியவர், யூதன் என்பதை ஏன் இத்தனை காலம் சொல்லவில்லை என்று கேட்கிறார். தன்னைப் பார்த்து யூதர்கள் எல்லோருமே அரக்கர்கள் என்று மக்கள் நினைத்துவிடக்கூடாதே என்பது அவனுடைய பதில். கர்பி 1994இலேயே இறந்துவிட்டார். தம் மனத்துக்கு நெருக்கமான பாத்திரம் இதைச் சொன்னதை அவர் பார்க்கவில்லை.

2014இல் தனி இதழ் கண்ட கமலா கான், மறைப்பதற்கு எதுவும் இல்லாமல் வருகிறாள். நியூஜெர்சி மாநிலத்து ஜெர்சி நகரில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பதினாறு வயதுப் பெண்; மார்வெல் நிறுவனத்தில் முஸ்லிம் நாயகியின் பெயரில் வந்த முதல் தொடர் அவளுடையது. அவளை உருவாக்கிய பதிப்பாசிரியர் சனா அமானத் அதே மாநிலத்தில் வளர்ந்தவர். கதை எழுதிய ஜி. வில்லோ வில்சன் இஸ்லாத்தைத் தழுவியவர். வல்லமை கிடைத்ததும் கமலா தான் வியந்து பார்க்கும் பொன்முடி வெள்ளைக்கார நாயகி கேரல் டேன்வர்ஸின் உருவத்தை எடுக்கிறாள். கிளார்க் கென்ட் போட்ட வேடமேதான், ஆனால் அவளுக்கு அது பொருந்தவில்லை. சீக்கிரமே தன் முகத்தோடு, நீச்சலுக்கான புர்கினியைத் தைத்து மாற்றிய உடையோடு வெளியே வருகிறாள். ஒருத்தியைத் தண்ணீரிலிருந்து மீட்கும்போது அவள் நினைவுக்கு வருவது, ஓர் உயிரைக் காப்பது மனித குலத்தையே காப்பதற்குச் சமம் என்னும் குர்ஆன் வசனம். இதே கருத்து அதற்கும் முந்திய யூத நூலான மிஷ்னாவிலும் இருக்கிறது. சீகலின் வீட்டிலிருந்து கமலாவின் வீட்டுக்குப் பாதை அப்படி நேராகவே போகிறது.

2019இல் ஜீன் லுவன் யாங் எழுதத் தொடங்கிய ‘சூப்பர்மேன் ஸ்மாஷஸ் த கிளான்’ இந்தப் பாதையைத் திரும்பவும் சூப்பர்மேனிடம் கொண்டுசேர்த்தது. யாங் கலிஃபோர்னியாவில் பிறந்தவர், குடியேறிய சீனப் பெற்றோரின் பிள்ளை. 1946இல் வானொலியில் ஒலிபரப்பான தொடர் ஒன்றுதான் அவருக்கு மூலம். வெள்ளை நிறவெறிக் கும்பலிடமிருந்து ஒரு சீனக் குடும்பத்தைச் சூப்பர்மேன் காப்பாற்றும் கதை அது. யாங்கின் கதையில் சூப்பர்மேன் இன்னும் பறக்கத் தொடங்கவில்லை; ஓடுகிறான், தாவுகிறான். தான் மற்றவர்களைப் போன்றவன் அல்ல என்பது தெரிந்தால் மக்கள் அஞ்சுவார்களே என்று பாதி வல்லமையை அடக்கி வைத்திருக்கிறான். வீட்டில் லான்-ஷின் என்றும் வெளியே ரொபர்ட்டா என்றும் அழைக்கப்படும் சிறுமிக்கு அது புரிந்துவிடுகிறது, ஏனென்றால் சீனர் குடியிருப்பை விட்டுப் புதிய தெருவுக்கு வந்த நாளிலிருந்து அவளும் அதையே செய்கிறாள். அவள்தான் அவனை ஒளியாமல் இருக்கச் சொல்கிறாள். அதன்பிறகு அவன் பறக்கிறான்.