கசப்பெல்லாம் ஒன்றா?



நம் தோட்ட லயங்களின் கொல்லையில் நிலவேம்பு வளர்ப்பது பழைய வழக்கம். மலாய்க்காரர்கள் அதனை ‘ஹெம்பெடு பூமி’ என்பர். ‘நிலத்தின் பித்தம்’ என்பது பொருள். ஓர் இலையை மென்றாலே பெயரின் பொருத்தம் விளங்கும். “இவ்வளவு கசக்கிறது, காய்ச்சல் ஓடிவிடும்” என்பார்கள் பெரியவர்கள். இந்த நம்பிக்கையை வலுப்படுத்திய ஒரு வரலாறு உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டங்களில் மலேரியா பலரைப் பலிகொண்டது. 1901 முதல் டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளான் வட்டாரத்தில் சதுப்பு நிலங்களை வடியச் செய்து கொசுவை ஒழிக்கப் பாடுபட்டார். தோட்டங்களிலோ, காலைப் பெரட்டில் தொழிலாளருக்குக் கொயினா புகட்டினார்கள். அதுவும் கடுங்கசப்பு. பெரட்டில் ஒரு கசப்பு, வீட்டில் ஒரு கசப்பு. இரண்டும் ஒன்றே என்று மக்கள் எண்ணியதில் வியப்பில்லை.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கொயினா, சின்கோனா மரப்பட்டையிலிருந்து 1820இல் பிரித்தெடுக்கப்பட்டது. மலேரியாக் கிருமியைக் கொல்வது. நிலவேம்பின் கசப்புப் பொருளுக்கு ஆண்ட்ரோகிராஃபோலைடு என்று 1911இல் கோர்ட்டர் என்பவர் பெயரிட்டார். அது வேறு பொருள். மலேரியா மருந்துக்கு மாற்றாகாது.

அதனால் நிலவேம்பு பயனற்றது என்று கொள்ளக்கூடாது. சித்த மருத்துவத்தின் நிலவேம்புக் குடிநீரில் சுக்கு, மிளகு, வெட்டிவேர், சந்தனம் முதலிய ஒன்பது சரக்குகள் சேர்கின்றன. 2012இல் டெங்கு பரவியபோது தமிழக அரசு அதனை மக்களுக்கு வழங்கியது. தாய்லாந்து 1999இல் நிலவேம்பைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சளி, தொண்டை வலி ஆகியவற்றின் தொல்லையை அது ஓரளவு குறைப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன.

எனினும் மருந்து என்றால் அளவும் எச்சரிக்கையும் உண்டு. சிலருக்குக் கடும் ஒவ்வாமை நேரலாம் என்று 2015இல் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதைத் தவிர்க்க வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தம் உறையாமை ஆகியவற்றுக்கு மாத்திரை உண்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் குடிக்கலாகாது.

எங்கள் பள்ளி மாணவி ஒருத்தியின் தாத்தா சர்க்கரை மாத்திரையோடு நிலவேம்புக் கஷாயமும் நாள்தோறும் குடித்து வந்தார். ஒருநாள் காலை மயங்கி விழுந்தார். சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. “வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்று மருத்துவர் கேட்டபோதுதான் கஷாயத்தைப் பற்றிச் சொன்னார். “இலைதானே ஐயா, அதை மருந்தென்று நினைக்கவில்லை” என்றாராம். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார்.

நேயர்களே, அந்தப் பெரியவரின் சொல்லை நாம் மறக்கக் கூடாது. இலையும் மருந்துதான். மருத்துவரிடம் செல்லும்போது அதையும் சொல்லுங்கள். காய்ச்சல் விடாமல் அடித்தால் கஷாயத்தை நம்பி நாளைக் கடத்தாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கசப்பு நாவுக்குத் தெரியும். நோய் இன்னதென்று நாவுக்குத் தெரியாது.