சிறு படகுகளின் வெளிப்பொருத்து இயந்திரங்கள்: இரு வீச்சும் நான்கு வீச்சும்

வெளிப்பொருத்து இயந்திரம் என்பது சிறு படகின் பின்பலகையில் திருகுப்பிடியால் மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய இயந்திரம் ஆகும். மேலே இயந்திரம், நடுவே நீருக்குள் இறங்கும் தண்டு, அடியில் புரொப்பல்லர் எனும் விசிறி என மூன்றும் ஒரே தொகுதியாக இருக்கும். கடற்கரை மக்கள் இதை அவுட்போர்டு என்றே சொல்கிறார்கள். இதில் இரு வீச்சு (டூ-ஸ்ட்ரோக்), நான்கு வீச்சு (ஃபோர்-ஸ்ட்ரோக்) என இரு வகைகள் உண்டு. எந்த வகையை வாங்குவது என்பது படகுக்காரருக்குப் பெரும் பணச்சிக்கல். கடந்த அரை நூற்றாண்டில் அந்தக் கேள்விக்கான விடை எப்படி மாறி வந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கடல் இல்லாத மாவட்டத்தில் படகு

தருமபுரி மாவட்டத்துக்குக் கடல் இல்லை, காவிரி உண்டு. ஒகேனக்கல்லில் ஓடுவது பரிசல். மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, முற்காலத்தில் தோலும் இக்காலத்தில் தார் பூசிய பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்திச் செய்வார்கள். பரிசலுக்கு முன்புறம், பின்புறம் என்ற வேறுபாடு இல்லை. இயந்திரத்தை மாட்ட நேரான பின்பலகையும் இல்லை. ஒரு பக்கத்திலிருந்து தள்ளினால் அது தன்னைத்தானே சுற்றும். பாறைகள் நிறைந்த ஆற்றில் விசிறியும் உடைந்துபோகும். ஆகவே அங்கே ஒற்றைத் துடுப்பே ஏற்ற கருவி.

ஒகேனக்கல்லைத் தாண்டிய பிறகு காவிரி மேட்டூர் அணையின் நீர்த்தேக்கமாக விரிகிறது. 1934-இல் திறக்கப்பட்ட இந்த அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இதன் நீர்ப்பரப்பு பென்னாகரம் வட்டத்துக்குள்ளும் நீள்கிறது. இக்கரையில் தருமபுரி மாவட்டத்தின் நாகமரை, ஒட்டனூர். அக்கரையில் சேலம் மாவட்டத்தின் பண்ணவாடி, கோட்டையூர். சாலை வழியே போனால் நெடுந்தூரம் சுற்ற வேண்டும் என்பதால், இவ்வூர் மக்கள் படகில் அக்கரைக்குப் போய் வருகிறார்கள். எனவே இயந்திரம் பற்றிய கேள்வி உள்நாட்டு மாவட்டத்துக்கும் உரியதே. அதன் வரலாறு மட்டும் கடற்கரையில் நிகழ்ந்தது.

இயங்கும் விதம்

நான்கு வீச்சு இயந்திரத்தில் உறிஞ்சல், அமுக்கம், ஆற்றல், வெளியேற்றம் என்ற நான்கு செயல்களுக்குப் பிஸ்டன் நான்கு முறை மேலும் கீழுமாக நகர்கிறது. அதற்குள் கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றிவிடும். ஆக, இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிபொருள் வெடித்து ஆற்றல் தருகிறது. காற்றும் புகையும் போய்வர வால்வுகள் உண்டு. மசகெண்ணெய் அடித்தொட்டியில் தனியே இருக்கும்.

இரு வீச்சு இயந்திரத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு நிகழ்கிறது. வால்வுகள் கிடையாது, சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளைப் பிஸ்டனே மூடித் திறக்கிறது. மசகெண்ணெயை எரிபொருளோடு கலந்து ஊற்ற வேண்டும். உறுப்புகள் குறைவாக இருப்பதால் எடையும் விலையும் குறைவு. குறையும் அதே அமைப்பில்தான் இருக்கிறது. எரிந்த புகையைப் புதிய கலவை தள்ளி வெளியேற்றும்போது, புதிய கலவையிலும் ஒரு பகுதி புகையோடு போய்விடுகிறது. பழைய கார்புரேட்டர் வகைகளில் எரிபொருளில் கால் பங்குவரை இப்படி எரியாமலே வெளியேறக்கூடும்.

தொடக்கம்

நான்கு வீச்சு இயந்திரத்தை ஜெர்மனியின் நிக்கோலஸ் ஓட்டோ 1876-இல் உருவாக்கினார். இரு வீச்சு முறைக்கு ஸ்காட்லாந்தின் டுகால்ட் கிளர்க் 1881-இல் காப்புரிமை பெற்றார். அதை எளிமையாக்கி இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் ஜோசப் டே. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓலே எவின்ரூட் 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒன்றரைக் குதிரைத்திறன் இயந்திரம்தான் வெளிப்பொருத்து இயந்திரத்தைப் பரவலாக்கியது. அது இரு வீச்சு வகை. எடை ஏறத்தாழ 28 கிலோ. ஜப்பானின் யமஹா 1960-இலும் சுசூகி 1965-இலும் இத்துறைக்கு வந்தன. ஹோண்டா 1964-இல் நான்கு வீச்சு இயந்திரத்தோடு நுழைந்தது. ஆயினும் அடுத்த முப்பது ஆண்டுகள் இரு வீச்சின் ஆட்சியே நடந்தது.

தென்னிந்தியக் கரையில்

ஐக்கிய நாடுகள் அவை, நார்வே, இந்தியா ஆகிய முத்தரப்பும் 1952-இல் ஒப்பந்தம் செய்து, மறு ஆண்டு கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் மீன்பிடித் திட்டம் ஒன்றைத் தொடங்கின. மீனவர்கள் ஏற்கெனவே வைத்திருந்த படகுகளுக்கு இயந்திரம் பொருத்துவதே முதல் எண்ணம். அந்தப் படகுகள் அதற்கு ஒத்துவராததால் புதிய விசைப்படகுகள் கட்டப்பட்டன. பின்னர் இறால் ஏற்றுமதி பெருகவே இழுவலை விசைப்படகுகளும் பெருகின. கட்டுமரத்திலும் வள்ளத்திலும் சென்றவர்களின் மீன்பாடு குறைந்தது. 1970-களின் இறுதியில் இரு தரப்புக்கும் கடலிலேயே மோதல்கள் நடந்தன. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் தொலைவு சிறு மீனவர்களுக்கு ஒதுக்கப்பட்டது.

துடுப்பும் பாயும் மட்டும் கொண்டு விசைப்படகோடு போட்டியிட முடியாது என்று கண்ட மீனவர்கள் வெளிப்பொருத்து இயந்திரத்தை நாடியது இந்தக் காலத்தில்தான். கட்டுமரம் என்பது கட்டிய மரத்தண்டுகள். அதில் இயந்திரத்தை உறுதியாக நிறுத்துவது கடினம். குமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியம் நாட்டவரான பியர் ஜில்லெ ஒட்டுப்பலகை வள்ளங்களை உருவாக்கினார். இயந்திரம் மாட்ட ஏற்ற பின்பலகை அவற்றில் இருந்தது. 1980-இல் அமைந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு படகு கட்டுதல், இயந்திர விற்பனை, பழுதுபார்ப்பு ஆகியவற்றை மீனவர்களின் கூட்டுறவாகவே நடத்தியது. 1980-களில் குமரிக் கரையிலும் கேரளக் கரையிலும் இயந்திரங்கள் விரைந்து பரவின. பெரும்பாலும் அவை மண்ணெண்ணெயில் ஓடிய இரு வீச்சு இயந்திரங்கள். பெட்ரோல் ஊற்றிக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள்.

மீனவர்கள் ஏன் இரு வீச்சைத் தேர்ந்தார்கள்?

நான்கு வீச்சு இயந்திரமே சிக்கனம் என்று பாடநூல் சொல்கிறது. வகுப்பில் பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அது சரியான பாடம். ஆனால் மீனவர்கள் செய்த தேர்வும் அறியாமையால் வந்தது அன்று. அதற்குத் தெளிவான காரணங்கள் இருந்தன.

முதலாவது எடை. துறைமுகம் இல்லாத மணற்கரையில் இயந்திரத்தைத் தோளில் சுமந்தே வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். 9.9 குதிரைத்திறன் இரு வீச்சு இயந்திரம் ஏறத்தாழ 40 கிலோ. அதே திறனுள்ள நான்கு வீச்சு இன்னும் சில கிலோ கூடும். 40 குதிரைத்திறன் அளவில் வேறுபாடு 20 கிலோவைத் தொடும்.

இரண்டாவது அலை. கரைமோதும் அலையில் படகு கவிழ்ந்தால் இயந்திரமும் உப்புநீரில் மூழ்கும். இரு வீச்சு இயந்திரத்தை உடனே கழற்றி, நன்னீரில் அலசி, உலர்த்தி, எண்ணெய் விட்டால் மீட்டுவிடலாம். நான்கு வீச்சானால் அடித்தொட்டி எண்ணெயைப் பலமுறை மாற்ற வேண்டும். வால்வுகளையும் கவனிக்க வேண்டும். மேலும் அதைக் கண்டபடி படுக்கவைக்க முடியாது. தயாரிப்பாளர் சொன்ன பக்கமாகப் படுக்கவைக்காவிட்டால் எண்ணெய் சிலிண்டருக்குள் புகும்.

மூன்றாவது பழுதுபார்ப்பு. உறுப்புகள் குறைந்த இயந்திரத்தைக் கிராமத்து மெக்கானிக்கே பிரித்துப் பூட்டிவிடுவார்.

நான்காவதும் முதன்மையானதும் எரிபொருள். சாதாரண நான்கு வீச்சு இயந்திரம் பெட்ரோலுக்கானது. அதில் மண்ணெண்ணெயை ஊற்றினால், எரியாத மண்ணெண்ணெய் அடித்தொட்டிக்குக் கசிந்து மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். மலிவான மண்ணெண்ணெய் கிடைத்தவரை இரு வீச்சுக்கு எதிராக வேறெதுவும் நிற்க முடியவில்லை.

ஒரு கணக்கு

எளிய எண்களை வைத்து இதைப் பார்க்கலாம். இரு வீச்சு இயந்திரம் மணிக்கு 5 லிட்டரும், அதே வேலைக்கு நான்கு வீச்சு 3.5 லிட்டரும் எரிப்பதாகக் கொள்வோம். நான்கு வீச்சின் விலை 60,000 ரூபாய் கூடுதல் என்றும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம்.

இரண்டும் பெட்ரோலில் ஓடினால் மணிக்கு 500 ரூபாய்க்கு எதிராக 350 ரூபாய். நான்கு வீச்சில் மிச்சம் 150. கூடுதலாகக் கொடுத்த 60,000 ரூபாய் 400 மணி நேரத்தில் திரும்பிவிடும். நாளுக்கு நான்கு மணி நேரம் ஓட்டுபவருக்கு அது 100 நாள்.

இப்போது இரு வீச்சுக்கு மானிய மண்ணெண்ணெய் 25 ரூபாய்க்குக் கிடைப்பதாகக் கொள்வோம். மணிக்கு 125 ரூபாய்தான் செலவு. நான்கு வீச்சுக்கு அதே 350 ரூபாய். மசகெண்ணெய்ச் செலவைச் சேர்த்தாலும் நான்கு வீச்சு வாங்கியவர் போட்ட பணத்தை ஒருபோதும் எடுக்க முடியாது. எரிபொருளைக் குறைவாகக் குடிக்கும் இயந்திரம் பணத்தை அதிகம் குடிக்கும்! தேர்வைத் தீர்மானித்தது இயந்திரத்தின் திறமையைவிட எரிபொருளின் விலைதான் என்பது இக்கணக்கிலிருந்து விளங்கும்.

மண்ணெண்ணெய் கைவிட்டபோது

விலையை நம்பிய தேர்வுக்கு ஆபத்தும் விலையிலேயே இருக்கிறது. இந்தியாவில் 2016 ஜூலை முதல் பொது வினியோக மண்ணெண்ணெயின் விலை சிறிது சிறிதாக உயர்த்தப்பட்டது. 2020-இல் மத்திய அரசின் மானியம் இல்லாமற்போனது. தமிழ்நாடு அரசு மீனவர்களுக்கு மானிய மண்ணெண்ணெய் தருவதைத் தொடர்ந்தது. படகு ஒன்றுக்கு ஆண்டுக்கு 3,400 லிட்டராக இருந்த அளவை 3,700 லிட்டராக உயர்த்துவதாக 2023-இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. அதில் கால் பங்கு எரியாமல் போனால் 925 லிட்டர் கடலில் கரைகிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

இலங்கையில் மாற்றம் ஒரே நாளில் வந்தது. பொருளாதார நெருக்கடியின் நடுவே, 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லிட்டருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரு நாள் தொழிலுக்கு 20 லிட்டர் எடுத்துச் செல்பவருக்கு 1,740 ரூபாய்ச் செலவு 6,800 ரூபாயானது. யாழ்ப்பாணம், மன்னார் கரைகளில் கண்ணாடி இழைப் படகும் மண்ணெண்ணெய் இயந்திரமும் வைத்திருந்த குடும்பங்களுக்கு, கடலுக்குப் போவதா வேண்டாமா என்பதே கேள்வியாயிற்று. வேறு எரிபொருளுக்கு மாற வேண்டுமானால் இயந்திரத்தையே மாற்ற வேண்டும். அதற்குக் கையில் பணம் இல்லை.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979-இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், கரையில் ஏற்றக்கூடிய படகுகளில் சிறிய டீசல் இயந்திரங்களைச் சோதித்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கண்ணாடி இழைப் படகுகள் பெருகிய சோழமண்டலக் கரையில், நீண்ட தண்டுடைய சிறு டீசல் இயந்திரங்களைப் பரவலாகக் காணலாம்.

சட்டம் வந்தது

மேலை நாடுகளில் மாற்றத்தைக் கொண்டுவந்தது தூய்மைச் சட்டம். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்றும் சூழ்ந்த கொன்ஸ்டன்ஸ் ஏரி பல ஊர்களுக்குக் குடிநீர் தருவது. அங்கே படகுப் புகைக்கு 1993-இல் விதி வந்தது. அமெரிக்க அரசு 1996-இல் வகுத்த விதிகள், 1998 முதல் 2006 வரை படிப்படியாகப் புகையைக் குறைக்கச் சொல்லின. தாஹோ ஏரியில் பழைய கார்புரேட்டர் வகை இரு வீச்சு இயந்திரங்கள் 1999-இல் தடை செய்யப்பட்டன. எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் புதுவகை இரு வீச்சு இயந்திரங்கள் சில காலம் ஈடுகொடுத்தன. ஆனால் எவின்ரூட் பெயரில் வந்த இயந்திரங்களின் தயாரிப்பே 2020-இல் நிறுத்தப்பட்டது.

நம் சாலைகளும் இதே மாற்றத்தைக் கண்டவையே. 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100 நான்கு வீச்சு வண்டி. அதே ஆண்டு வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 இரு வீச்சு. முன்னது மைலேஜுக்குப் பெயர் பெற்றது. பின்னதன் உற்பத்தி 1996-இல் நின்றது.

தேர்ந்தெடுப்போர் கவனத்துக்கு

படகை ஒவ்வொரு நாளும் மணலில் ஏற்ற வேண்டுமா, துறையில் கட்டிவைக்கலாமா? ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் ஓடும்? எந்த எரிபொருள், என்ன விலையில், எத்தனை ஆண்டுக்கு உறுதியாகக் கிடைக்கும்? அருகில் பழுதுபார்ப்பவரும் உதிரிப்பாகமும் உண்டா? படகு ஓடும் நீரை யார் குடிக்கிறார்கள்? இந்த ஐந்துக்கும் விடை தெரிந்தபின் இயந்திரத்தை முடிவு செய்வது எளிது.

மேட்டூர் நீர்த்தேக்கத்தின் துறைகளுக்கு இக்கேள்விகளைப் பொருத்திப் பார்க்கலாம். அங்கே கரைமோதும் கடலலை இல்லை. இயந்திரத்தைத் தோளில் சுமந்து அலையைக் கடக்கும் தேவை இல்லை, உப்புநீரும் இல்லை. கடலைவிட்டு நான்கு வீச்சை விரட்டிய காரணங்கள் எவையும் அங்கே பொருந்தா. மறுபுறம், எரியாத எண்ணெய் கலப்பது தேங்கிய நீரில். அது பாசனத்துக்கும் பல ஊர்களின் குடிநீருக்கும் போகும் நீர். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்காக 2013 வரை காத்திருந்த மாவட்டம் தருமபுரி. நல்ல நீரின் அருமை இங்குள்ளோருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முட்டத்துக் கரையில் இரு வீச்சைத் தேர்ந்தவர் தம் காலத்தில் சரியாகவே தேர்ந்தார். ஒட்டனூர்த் துறையில் இன்று வாங்குபவர் நான்கு வீச்சைத் தேர்வதே பொருத்தம்.